சான்று பெற்ற கை

சிவப்பு விளக்கில் நின்றதற்காகத்தான் ஓட்டுநருக்குக் கை உடைந்தது.

நாற்சந்தி காலியாகக் கிடந்தது. எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு சைக்கிள்கூட வரவில்லை. ஆனால் விளக்கு சிவப்பு, அதனால் ஓட்டுநர் நின்றார். அவர் அப்படிப்பட்ட மனிதர். ‘வரிசையில் வரவும்’ என்று எழுதியிருந்தால், வரிசையே இல்லாத இடத்திலும் சற்று நின்றுவிட்டுத்தான் நகர்வார். பேருந்துக்குப் பின்னால் வந்த இருசக்கர வண்டிக்காரனுக்கு இது தன்மானப் பிரச்சினையாகிவிட்டது. ஹார்ன் அடித்தான். வாய்க்கு வந்தபடி ஏசினான். பிறகு இறங்கி வந்து, வண்டியில் செருகியிருந்த இரும்புக் கம்பியை உருவி, ஜன்னல் வழியே ஓட்டுநரின் வலது முன்கையில் ஓங்கி ஒன்று போட்டான். காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து முறித்தது போலச் சத்தம் கேட்டது.

பச்சை விழுந்தது. இடது கையால் பேருந்தை ஓரங்கட்டிவிட்டுத்தான் ஓட்டுநர் மயங்கினார். ‘முன்னாடியே எடுத்திருந்தா இந்த வம்பே இல்ல’ என்று பயணிகள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. மயங்கும் முன் கடைசியாக விழுந்ததும் அதுதான்.

பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். முன்புறம் முழுவதும் கண்ணாடி. எலும்பு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“சின்ன முறிவுதான். ஒரு தகடு வச்சு ஸ்க்ரூ போட்டா பழையபடி ஓட்டலாம்.”

ஓட்டுநருக்கு உயிர் வந்தது. ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனிதர் அவர். அந்தக் கை திரும்பவில்லையென்றால் அவரும் இல்லை. சேதி கேட்டு ஓடிவந்து பக்கத்தில் நின்ற மனைவிக்கும் அது தெரியும். பார்சல் அலுவலகத்தில் நாள் முழுவதும் அடுத்தவர்களின் அவசரத்தோடு மல்லுக்கட்டுகிறவள்.

“அப்போ இப்பவே போட்டுடுங்க டாக்டர்.”

டாக்டர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “போட்டுடலாம்மா. ஆனா மாதிரி வரணும்.”

மாதிரி என்பது இதுதான். ஸ்கேன் படத்தைக் கணினிக்குள் விட்டால், ஓர் இயந்திரம் பிளாஸ்டிக்கை உருக்கி, இழைமேல் இழையாக அடுக்கி, நோயாளியின் எலும்பை அப்படியே அச்சடித்துக் கொடுக்கும். டாக்டர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். எங்கே அறுப்பது, எப்படித் தகட்டை வளைப்பது என்று முன்கூட்டியே ஒத்திகை பார்க்கலாம். நல்ல விஷயம்தான். அதனோடு யாருக்கும் சண்டையில்லை. அது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு துறை வைத்தார்களே, அங்கேதான் வந்தது வினை.

அதன் பெயர் துல்லியத் துறை. ஒரு மாடி முழுக்க அவர்களுடையது. அங்கே நோயாளிகளைவிட நாற்காலிகள் அதிகம். அந்தத் துறையின் அதிகாரி, மற்றவர்கள் பேனா செருகும் பையில் அளவெடுக்கும் இடுக்கி ஒன்றைச் செருகியிருப்பார். தேநீர் வந்தால்கூட முதலில் கோப்பையின் வாயை இடுக்கியில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

மறுநாள் ஓட்டுநரின் முன்கை எலும்புகள் வெள்ளைத் துணி விரித்த தட்டில் வந்து சேர்ந்தன. பளபளவென்று வெண்மை, பூண் போட்டது போல ஒரு முத்திரை. அதிகாரி இடுக்கியால் மாதிரியை அளந்தார். பிறகு ஓட்டுநரின் வீங்கிய கையை அளந்தார். வலியில் ஓட்டுநர் கட்டில் சட்டத்தைக் கடித்துக்கொண்டார்.

“மூணு மில்லிமீட்டர் வித்தியாசம்” என்றார் அதிகாரி, துக்கம் விசாரிக்கும் குரலில்.

“அச்சு கொஞ்சம் சுருங்கியிருக்கும் சார். பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும்” என்றார் எலும்பு டாக்டர்.

“மாதிரிக்கு முத்திரை விழுந்தாச்சு டாக்டர். இவருக்கு எங்கே முத்திரை?”

அதிகாரி ஓட்டுநரின் பக்கம் திரும்பினார். “நீங்க மூணு மில்லிமீட்டர் அதிகமா இருக்கீங்க.”

“மன்னிச்சிடுங்க சார்” என்றார் ஓட்டுநர். அது அவருக்குப் பழக்கமாக வருகிற சொல்.

“நீங்க ஏங்க மன்னிப்புக் கேக்குறீங்க?” என்று மனைவி எகிறினாள். “சார், இவரு பொறந்ததிலேருந்தே இந்தக் கையோடதான் இருக்காரு. உங்க பொம்மைதான் இன்னிக்கு வந்தது.”

அதிகாரிக்குக் கோபம் வரவில்லை. அறியாதவர்களிடம் கோபப்படாத அளவுக்கு அவர் உயர்ந்தவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அம்மா, முன்னெல்லாம் நாங்களும் உங்களை மாதிரிதான் நெனச்சோம். உடம்பை வச்சுக்கிட்டு மாதிரியைச் சரிபார்த்தோம். என்ன ஆச்சு? தினம் ஒரு தப்பு. ஒரு நாள் நீளம், ஒரு நாள் அகலம். எல்லாத் தப்பும் எங்க பக்கமே! துறையை மூடிடலாமான்னு மேலிடத்துல கேட்டுட்டாங்க. அப்பதான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. மாதிரியை வச்சுக்கிட்டு உடம்பைச் சரிபார்ப்போம்னேன். அன்னியிலேருந்து இன்னிக்கு வரைக்கும் எங்க பக்கம் ஒரு தப்பு கிடையாது. வித்தியாசம் பூஜ்யம்!”

“அப்போ நோயாளிங்க பக்கம்?”

“அதுதான் திகைப்பா இருக்கும்மா. வர்றவன் ஒருத்தன்கூடச் சரியா இல்ல.”

அதை நிரூபிக்க அவர் பக்கத்துக் கட்டிலைக் காட்டினார். அங்கே ஒரு முடிதிருத்துகிறவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மண்டையில் அடிபட்டு வந்தவர். அவருடைய மண்டை ஓட்டை அச்சடித்தபோது, கணினி மேடுபள்ளங்களை நிரவும் ஆர்வத்தில் இரண்டு காதுத் துளைகளையும் சேர்த்து நிரவிவிட்டது. மாதிரியில் துளை இல்லை. ஆகவே இவருக்கும் அடைத்துவிட்டார்கள். நெற்றிப் பக்கம் புடைப்பாக இருந்ததை அரம் போட்டு ராவினார்கள். ராவும்போது வலியில் மூன்று ஆட்களை உதைத்துத் தள்ளினாராம். நாலாவது ஆள் வந்து மார்மேல் உட்கார்ந்ததும் அடங்கிப்போனாராம்.

“எப்படி இருக்கீங்க?” என்று அதிகாரி கேட்டார்.

“சாப்பிட்டாச்சு!” என்று அவர் கட்டடம் அதிரக் கத்தினார்.

“பாத்தீங்களா, முழுத் திருப்தி” என்றார் அதிகாரி.

அன்று பிற்பகல் ஓட்டுநரை இணக்க அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். உடம்பை மாதிரிக்கு இணங்க வைக்கிற இடம் என்பதால் அந்தப் பெயர். சுவரில் சுத்தியல்கள், அரங்கள், பட்டறைப் பிடிகள் எல்லாம் அளவு வாரியாகத் தொங்கின. அங்கே இருந்தவரைத் திருத்துநர் என்றார்கள். மலை போன்ற ஆள். குரல் மட்டும் பஞ்சு.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணே” என்று சொல்லிக்கொண்டே ஓட்டுநரின் கையை இரும்புப் பிடியில் வைத்து மணிக்கட்டிலும் முழங்கையிலும் முறுக்கினார். “நான் இதுக்கு முன்னாடி கார் பட்டறையில டிங்கர் வேலை பார்த்தேன். நசுங்குனதை நிமித்துற வேலை. இங்க அதையே திருப்பிச் செய்யச் சொல்றாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். புள்ளைங்க எத்தனை உங்களுக்கு?”

ஓட்டுநர் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது திருத்துநர் கைப்பிடியைச் சுற்றினார். உடைந்த எலும்பின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று ஏறிக் கடித்தன. பதிலுக்குப் பதிலாக வேறொரு சத்தம் வந்தது. அது தன் தொண்டையிலிருந்து வந்தது என்று ஓட்டுநருக்குத் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“ஆச்சுண்ணே, ஆச்சு. ரெண்டு மில்லிமீட்டர் போயிடுச்சு. ஒண்ணுதான் பாக்கி.”

அந்த ஒன்றும் போயிற்று. இடுக்கியோடு வந்த அதிகாரி அளந்து பார்த்துவிட்டு, “பூஜ்யம்” என்று தட்டிக்கொடுத்தார். தட்டியது உடைந்த கையில்.

இந்த இடத்தில் எலும்பு டாக்டர் அறுவைக்குக் கத்தியை எடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். எடுக்கத்தான் போனார். ஆனால் அன்றைக்கென்று பார்த்து, துறைக்கு விருது கொடுக்க மேலிடத்துக் குழு வந்து இறங்கிவிட்டது. விருதுக்குரிய சாதனையாகக் காட்ட ஒரு நோயாளியும் அவனுக்குப் பொருத்தமான மாதிரியும் வேண்டும். அப்போதுதான் இணங்கி வந்திருந்த ஓட்டுநர் கண்ணில் பட்டார். கட்டிலோடு மேடைக்கு ஏற்றிவிட்டார்கள்.

அதிகாரி மாதிரியை உயர்த்திப் பிடித்துப் பேசினார்.

“பெருமக்களே! உடம்பு என்பது என்ன? நினைத்தால் வீங்குகிறது, நினைத்தால் வற்றுகிறது. ஒழுங்கே இல்லாத ஒன்று. அதை நம்பியா மருத்துவம் செய்வது? இதோ, இதைப் பாருங்கள். இது ரத்தம் சிந்துமா? அலறுமா? உறவினரைக் கூட்டிக்கொண்டு வந்து கேள்வி கேட்குமா? இப்படிப்பட்ட ஒரு மனிதனைத்தான் மருத்துவ உலகம் இத்தனை காலமும் தேடிக்கொண்டிருந்தது!”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. உச்சி குளிர்ந்துபோன அதிகாரி கையை வீசி வணங்கினார். வீசிய கையில் மாதிரி இருந்தது. அது மேசை விளிம்பில் பட்டென்று மோதி, மூன்று துண்டுகளாக மேடையில் சிதறியது.

கைதட்டல் பாதியில் நின்றது. விருதுக் குழுவின் தலைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“உடைஞ்சிடுச்சா?”

அதிகாரி கண் இமைக்கவில்லை. “இல்லை அம்மா. முத்திரை பெற்ற மாதிரி உடையாது. அது ஒரு புதிய தகவலைத் தெரிவித்திருக்கிறது.” குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். ஓட்டுநரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஓர் ஏமாற்றம் இருந்தது. “நோயாளிதான் பின்தங்கியிருக்கிறார். நீங்கள் தேநீர் அருந்தி முடிப்பதற்குள் சரிசெய்துவிடுவோம்.”

ஓட்டுநருக்கு முதலில் புரியவில்லை. கட்டிலின் சக்கரங்கள் இணக்க அறைப் பக்கம் திரும்பியபோது புரிந்தது. “டாக்டர்!” என்று கூப்பிட்டார். எலும்பு டாக்டர் கட்டிலோடு கூடவே ஓடிவந்தார், கையைப் பிசைந்தார்.

“எனக்கு உங்க கை நல்லாவே தெரியுதுங்க. ஆனா கையைப் பாத்து அறுக்க எனக்கு அதிகாரம் இல்ல. மாதிரியைப் பாத்துத்தான் அறுக்கணும். மாதிரியில மூணு துண்டு இருக்கு. உங்ககிட்ட ரெண்டுதான் இருக்கு.”

“ரெண்டே போதும் டாக்டர்!”

“எனக்கும் போதும். அவங்களுக்குப் போதலையே.”

கதவு சாத்திக்கொண்டது. திருத்துநர் இந்த முறை பிடியை விட்டுவிட்டுச் சுவரிலிருந்து சுத்தியலை எடுத்தார். கையை மரக்கட்டையில் கிடத்தினார். உடைந்த மாதிரியைப் பக்கத்தில் வைத்து, அது எங்கே உடைந்திருக்கிறதோ அதே இடத்தில் ஓட்டுநரின் தோலில் நீல மையால் கோடு போட்டார். வரைந்து முடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“பல்லைக் கடிச்சுக்கங்கண்ணே. ஒரே அடியில முடிச்சிடுவேன்.”

ஒரே அடியில் முடியவில்லை. கை துள்ளியதில் சுத்தியல் கோட்டுக்குக் கீழே இறங்கியது. எலும்பு வேறிடத்தில் முறிந்து, ஒரு முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. ரத்தம் கட்டையில் வழிந்து, நீலக் கோட்டையும் அழித்துவிட்டது. அதிகாரி குனிந்து அளந்தார்.

“என்னய்யா இது? வித்தியாசம் கூடிப்போச்சு.”

“அவரு ஆட்டிட்டாரு சார்.”

“ஏங்க, கொஞ்சம் ஒத்துழைக்கக் கூடாதா? வெளியில தேநீர் ஆறிட்டிருக்கு.”

“மன்னி...” என்று ஆரம்பித்தார் ஓட்டுநர். இரண்டாவது அடி விழுந்தது. இம்முறை சரியான இடம். மூன்றாவது அடி சும்மா, உறுதிப்படுத்திக்கொள்ள.

தண்ணீர் பிடிக்கப் போயிருந்த மனைவி அலறல் கேட்டு ஓடிவந்தாள். வாசலில் நின்ற காவலாளியின் கழுத்தில் தோளால் ஓர் இடி. அவர் மூச்சுத் திணறிச் சுவரோடு சரிந்தார். கதவு படாரென்று திறந்தது. கணவனின் கை இருந்த கோலத்தைப் பார்த்தாள். சுத்தியலைத் திருத்துநர் கையிலிருந்து பிடுங்கினாள். எல்லாரும் திருத்துநருக்குத்தான் அடி விழப்போகிறது என்று நினைத்தார்கள். திருத்துநரும் அப்படித்தான் நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் மாதிரியை அடித்தாள்.

“இதுதானடா உங்களுக்கு மனுஷன்! இதுதானடா!” ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடி. வெள்ளைச் சில்லுகள் சுவரெங்கும் தெறித்தன. முத்திரை இரண்டாகப் பிளந்தது.

இத்தனை நேரமும் ஒரு மனிதனின் கையைத் துண்டாடுவதைக் கொட்டாவி விட்டபடி பார்த்த அறை, இப்போது கிடுகிடுத்தது. உதவியாளர் ஒருவர் மயங்கி விழுந்தார். “கொலை! கொலை பண்றா!” என்று அதிகாரி கதறினார், தன் உடம்பைக் குறுக்கே போட்டு மாதிரியை மறைத்தார். அபாயச் சங்கு ஊதியது. தள்ளுவண்டி வந்தது. சில்லுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, போர்வை போர்த்தி, “விலகுங்க, விலகுங்க” என்று கத்திக்கொண்டே அறுவை அரங்குக்குக் கொண்டு ஓடினார்கள். எலும்பு டாக்டரும் கூடவே ஓடினார். முத்திரை பெற்ற ஒன்றை அறுக்க அவருக்கு அன்றைக்குத்தான் அனுமதி கிடைத்திருந்தது.

சங்கு ஊதிய அவசரத்தில் ஓட்டுநரை வெளியே தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்த்திவிட்டுப் போயிருந்தார்கள். மனைவி தன் முந்தானையைக் கிழித்துக் கையைச் சுற்றிக் கட்டினாள். ரத்தம் நிற்பதாயில்லை.

“வலிக்குதா?”

“இல்ல. அதைப் போய் ஏன் அடிச்சே?”

“அவனை அடிச்சா அவனுக்கு உறைக்காதுங்க. அதான் உறைக்கிறதைப் பாத்து அடிச்சேன்.”

அறுவை நெடுநேரம் நடந்தது. கடைசியில் எலும்பு டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்தார். வியர்வையில் குளித்திருந்தார், ஆனால் முகத்தில் அப்படி ஓர் ஒளி. ஓட்டுநரின் தோளைப் பற்றினார்.

“கவலைப்படாதீங்க. கை பொழைச்சிடுச்சு!”

“எந்தக் கை டாக்டர்?”

“உங்க கைதான். தகடு வச்சு, ஸ்க்ரூ போட்டு, அற்புதமா ஒட்டிடுச்சு. என் வாழ்க்கையிலேயே இப்படி ஒரு அறுவை செஞ்சதில்ல. ஒரு சொட்டு ரத்தம் இல்ல!”

ஓட்டுநர் துணி சுற்றிய கையை மெதுவாகத் தூக்கிக் காட்டினார். டாக்டர் வேறு பக்கம் பார்த்தார்.

அதிகாரி வந்தார். கண்கள் சிவந்திருந்தன. மாதிரியின் உயிருக்கு ஆபத்தில்லை என்பதால் அந்தம்மாவை மன்னிப்பதாகச் சொன்னார். சான்றிதழை நீட்டினார்: ‘வலது முன்கை. குணமடைந்தது. வித்தியாசம் பூஜ்யம். பணிக்குத் தகுதி.’

“இவரு கை ரெண்டா தொங்குதே சார்!” என்றாள் மனைவி.

“மூணா” என்று திருத்தினார் அதிகாரி. “அது இனி அவரோட சொந்த விஷயம்மா. மருத்துவ விஷயம் முடிஞ்சது.”

வேறு மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, “ஏற்கெனவே சரியான கையை மறுபடி சரிசெய்ய முடியாது” என்று காயத்துக்கு மட்டும் தையல் போட்டுக் கட்டி அனுப்பினார்கள். அதற்குள் பேருந்துப் பணிமனைக்கும் சான்றிதழ் போய்விட்டது. நேரக்காப்பாளர் போனில் கூப்பிட்டார்: கை சரியாகிவிட்டதாமே, நாளைக்கு வண்டி எடுக்கவில்லையென்றால் வேலை இல்லை.

ஓட்டுநர் போனார். மனைவி கூடவே போனாள்.

“சார், கையே அசையலை” என்றார் ஓட்டுநர்.

நேரக்காப்பாளர் சான்றிதழைப் பார்த்தார். கையைப் பார்த்தார். மறுபடி சான்றிதழைப் பார்த்தார். “இது சுத்தமா இருக்கே. நீ என்ன, ஆஸ்பத்திரியையே பொய்யாக்கப் பாக்குறியா? ஏறு, ஏறு. வண்டி நெறஞ்சு கெடக்கு.”

ஓட்டுநர் ஏறினார். இருக்கையில் உட்கார்ந்து, இடது கையால் வலது கையைத் தூக்கி ஸ்டியரிங்கின் மேல் வைத்தார். அது ஈரத்துணி போல வழுக்கி மடியில் விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. கண்ணாடியில் பார்த்தார். பின்னால் பையைத் தோளில் மாட்டியவர்கள், தூங்கும் குழந்தையை மடியில் போட்டவர்கள், நிற்பவர்கள். இந்த வழித்தடம் அவருக்கு மனப்பாடம்; பாலத்தை ஒட்டிய வளைவில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் முழுவதுமாகச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் கீழே தண்ணீர்.

எழுந்து திரும்பி நின்றார்.

“எல்லாரும் தயவுசெஞ்சு இறங்கிடுங்க. என்னால வண்டியைத் திருப்ப முடியாது. கை உடைஞ்சிருக்கு.”

ஒருவரும் அசையவில்லை. முன் இருக்கைக்காரர், “சர்டிபிகேட் இருக்கா?” என்று கேட்டார். ஓட்டுநர் அப்பாவியாக எடுத்துக் கொடுத்தார். அவர் உரக்கப் படித்தார்.

“பணிக்குத் தகுதின்னு போட்டிருக்கே! முத்திரையெல்லாம் இருக்கு!”

“அப்புறம் என்ன கேடு இவனுக்கு?”

“வலிச்சா ஓரமா ஓட்டுங்களேன்” என்றாள் ஒரு பெண், இரக்கத்தோடு.

“ஒரு கையால ஓட்டுனா என்ன? என் மச்சான் போன் பேசிக்கிட்டே ஓட்டுவான்!”

“நேரமாகுதுய்யா, எடு!”

ஓட்டுநர் அவர்களைப் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக, எழுதியிருந்த ஒன்றுக்கு மாறாக ஒரு காரியம் செய்தார். சாவியை உருவி, ஜன்னல் வழியே ஓரத்துச் சாக்கடையில் வீசினார். ‘புளக்’ என்று கறுப்புக் குமிழி ஒன்று எழும்பி உடைந்தது.

அடுத்த கணம் அவர் படிக்கட்டு வழியே தள்ளப்பட்டுத் தெருவில் கிடந்தார். அவர் கேட்டுக்கொண்டபோது இறங்காதவர்கள் எல்லாரும் இப்போது ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். குடை விழுந்தது. சாப்பாட்டுப் பாத்திரம் அடுக்கோடு மண்டையில் விழுந்தது. இரக்கப்பட்ட பெண் செருப்பைக் கழற்றியிருந்தாள். மனைவி ஒருவன் முதுகில் தொற்றி அவன் காதைக் கடித்துத் துப்பினாள். யாரோ ஒருவனின் கனத்த பூட்ஸ் ஓட்டுநரின் இடது கையின் மேல் ஏறி நின்று திரும்பியது. அந்தச் சத்தம் இப்போது அவருக்கு நன்றாகப் பழகியிருந்தது.

“அய்யய்யோ, கை போச்சே!” என்று பூட்ஸ்காரன் பதறினான். கூட்டத்துக்குச் சட்டென்று மனசு இளகிவிட்டது. நல்ல மனிதர்கள்தானே எல்லாரும்.

“தூக்குங்கப்பா, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!”

“அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கே கொண்டு போவோம். வலது கைக்கு அங்கதான பாத்தாங்க? எவ்வளவு துல்லியமா பண்ணியிருக்காங்க பாரு.”

பத்துப் பதினைந்து கைகள் அன்போடு அவரை அள்ளின. ஓட்டுநர் உதைத்தார். கடித்தார். ஒருவரின் வயிற்றில் தலையால் முட்டினார். பிடி தளர்ந்த இடத்தில் தரையில் குதித்து ஓட ஆரம்பித்தார். “வழி விடுங்க! வழி விடுங்க!” என்று மனைவி முன்னால் ஓடினாள். இரண்டு கைகளும் வளையக் கூடாத இடங்களில் எல்லாம் வளைந்து ஆட, அவர் பின்னால் ஓடினார்.

கொஞ்ச தூரம் துரத்திவிட்டு, நேரமாகிறது என்று எல்லாரும் திரும்பி வந்தார்கள். சாவி இல்லாத பேருந்தில் ஜன்னலோரத்து இருக்கைகளுக்கு அடிதடி தொடங்கியது.